மண்ணுக்கு ஓய்வு கொடுத்தால் குத்தகையை யார் கட்டுவது?

உலக மக்கள்தொகை 2050-இல் ஆயிரம் கோடியை நெருங்கிவிடும் என்கிறார்கள். பருவமோ ஆண்டுக்கு ஆண்டு தடுமாறுகிறது. இந்நிலையில் எல்லோருக்கும் உணவு கிடைக்க இயற்கை வேளாண்மைக்கு முழுவதுமாகத் திரும்புவது வழியா, அல்லது புதிய விதையும் தொழில்நுட்பமும்தான் வழியா, நீலகிரி போன்ற சிறிய மலை மாவட்டத்துக்கு இதில் சொல்லிக்கொள்ளும்படியான பங்கு உண்டா என்று கோத்தகிரிப் பக்கத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார். மலைக்காய்கறி விவசாயிகளோடு நெடுங்காலம் பணியாற்றியவன் என்ற முறையில் என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விதையைப் பற்றியும் உரத்தைப் பற்றியும் நடக்கும் விவாதம் தேவையானதுதான். ஆனால் முடிவைத் தீர்மானிப்பது அது அன்று. ஒரே பயிரை ஓயாமல் சுமக்கும் நிலத்துக்கு இடையிடையே மாற்றுப்பயிரும் ஓய்வும் கொடுத்தாக வேண்டும் என்பது விவசாயிகள் அனைவருக்கும் தெரியும். அந்த ஓய்வுப் பருவத்தில் குறையும் வருமானத்தை விவசாயி மட்டுமே தாங்க வேண்டியிருக்கும் வரை அது நடக்கப்போவதில்லை. உணவுப் பாதுகாப்பின் சிக்கலான முடிச்சு அங்கேதான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் அளவைப் பற்றிச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். இன்று உலகில் கிடைக்கும் உணவைத் தலைக்கணக்கில் பங்கிட்டால் ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 2,900 கிலோ கலோரி வருகிறது, இது போதுமான அளவைவிட அதிகம். இருந்தும் 2023-இல் ஏறத்தாழ 73 கோடிப் பேர் பசியோடு இருந்தார்கள் என்று ஐ.நா. அமைப்புகள் கணக்கிட்டுள்ளன. சத்தான உணவை வாங்கும் வசதி இல்லாதவர்கள் 280 கோடிக்கு மேல். இன்னொரு பக்கம், 2022-இல் மட்டும் வீடுகளிலும் உணவகங்களிலும் கடைகளிலும் 105 கோடி டன் உணவு வீணானது, அதாவது மக்கள் கைக்கு வந்த உணவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. விளையும் தானியத்தில் மூன்றில் ஒரு பங்கு கால்நடைத் தீவனமாகிறது. ஆகவே இன்றைய பசிக்கு விளைச்சல் குறைவு காரணமன்று, வாங்கும் சக்தியின்மையும் பங்கீட்டுக் குறையுமே காரணம். நாளைய பசியைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது. 1961 முதல் உலக வேளாண்மையின் உற்பத்தித்திறன் எவ்வளவு வளர்ந்திருக்க வேண்டுமோ அதில் ஐந்தில் ஒரு பங்கை வெப்பமயமாதல் ஏற்கெனவே பறித்துவிட்டது என்று 2021-இல் வெளியான ஆய்வு காட்டியது. 2022 மார்ச் மாத வெயில் வட இந்தியாவின் கோதுமையைச் சுருக்கியது, மே மாதம் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசிக்கும் அதே நிலை ஏற்பட்டது. ஒரு நாட்டின் வெயில் இன்னொரு நாட்டின் சோற்று விலையாக மாறுவதற்குச் சில வாரங்கள் போதும் என்பதை அந்த இரண்டு ஆண்டுகளும் காட்டிவிட்டன.

இனி நீலகிரிக்கு வருவோம். பரப்பில் 2,500 சதுர கிலோமீட்டருக்குச் சற்றே கூடுதலான மாவட்டம் இது. அதிலும் பாதிக்கு மேல் காடு. இங்கே விளைவதைக் கொண்டு உலகத்துக்கு உணவளிக்க முடியாது என்பது வெளிப்படை. ஆனால் ஒரே பயிரைத் தொடர்ந்து நட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த மலையைப் போலத் தெளிவாகச் சொல்லும் இடங்கள் இந்தியாவில் அதிகம் இல்லை, அந்த வரலாற்றை உருளைக்கிழங்கிலிருந்து தொடங்க வேண்டும்.

கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-இல் மலையேறி வந்தபோது இங்கிருந்த ஹட்டிகள் எனப்படும் படகர் ஊர்களில் சாமை, கேழ்வரகு, பார்லி போன்றவையே வயல் பயிர்கள். அடுத்த பத்தாண்டில் ஐரோப்பியக் காய்கறிகளும் உருளைக்கிழங்கும் வந்தன. குளிர்ந்த இரவும் நல்ல மழையும் கொண்ட இந்த மண்ணில் கிழங்கு அருமையாக விளைந்தது. நீர்ப்போகம், கார்போகம், கடைப்போகம் என்று ஆண்டில் மூன்று முறை நட முடிந்ததால் விற்பனையும் ஓயவில்லை. மேட்டுப்பாளையம் மண்டி வளர்ந்ததே இந்தக் கிழங்கால்தான் என்று சொல்லலாம். 1935-இல் தொடங்கிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கமும் அங்கே கிழங்கு ஏலத்தைத்தான் மையமாகக் கொண்டிருந்தது.

1961-இல் ஊட்டியின் விஜயநகரம் பகுதியில் ஒரு கிழங்கு வயலை ஆராய்ந்த ஜோன்ஸ் என்ற பிரிட்டிஷ் நூற்புழு அறிஞர், செடிகளின் வேரில் உருளைக்கிழங்கு முட்டைக்கூடு நூற்புழு என்ற, வேரைத் தாக்கும் மிகச் சிறிய புழு இருப்பதைக் கண்டறிந்தார். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலையில் தோன்றி, கிழங்கோடு சேர்ந்து ஐரோப்பாவுக்குப் போய், அங்கிருந்து விதைக்கிழங்கில் ஒட்டிய மண்ணோடு இங்கே வந்திருக்க வேண்டிய உயிரி அது. பிற்காலத்தில் கொடைக்கானல் பகுதியிலும் அது காணப்பட்டது.

இந்தப் புழுவைக் கண்ணால் பார்க்க விரும்புவோர் கிழங்கு நட்டு இரண்டு மாதம் கடந்த ஒரு வயலுக்குப் போகலாம். வயலில் ஆங்காங்கே வட்டவட்டமாகச் செடிகள் குட்டையாக, வெளிறி, நடுப்பகலில் தண்ணீர் காணாதவைபோல் தலை தொங்கி நிற்கும். அப்படி ஒன்றை வேரோடு மெதுவாகத் தோண்டி எடுத்து, உதறாமல், மண்ணைத் தண்ணீரில் கரையவிட்டுப் பார்த்தால், மெல்லிய வேர்களின் மேல் குண்டூசித் தலையைவிடச் சிறிய உருண்டைகள் தெரியும். முதலில் வெள்ளையாகவும், நாளாக ஆகப் பொன்னிறமாகவும், கடைசியில் பழுப்பாகவும் மாறும். ஒவ்வொரு உருண்டையும் செத்துப்போன ஒரு பெண் புழுவின் உடல், அதன் தோல் கெட்டியாகி உள்ளே சில நூறு முட்டைகளுக்குப் பாதுகாப்பாக இருக்கிறது. அறுவடையின்போது இவை உதிர்ந்து மண்ணில் கலந்துவிடுகின்றன. மழையோ வெயிலோ உரமோ அவற்றை எழுப்புவதில்லை. அடுத்த முறை உருளைக்கிழங்கின் வேர் அருகில் வளர்ந்து, அதிலிருந்து கசியும் குறிப்பிட்ட வேதிப்பொருள் மண்ணீரில் கரைந்து வந்து சேர்ந்தால்தான் பெரும்பாலான முட்டைகள் பொரிகின்றன. கிழங்கு நடாத ஆண்டில் ஒரு பகுதி மட்டும் தானாகப் பொரிந்து உணவின்றி மடிகிறது. மீதி முட்டைகள் காத்திருக்கின்றன, இருபது ஆண்டுகள் வரைகூட அவற்றால் உயிரோடு இருக்க முடியும்.

இதற்கு மருந்து அடித்துப் பார்த்தார்கள். குருணை மருந்துகள் சில பருவங்களுக்குப் பலன் கொடுத்தன. ஆனால் செலவும் நச்சும் மிஞ்சின, கெட்டித் தோலுக்குள் இருக்கும் முட்டைகள் பெரும்பாலும் தப்பித்தன. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் 1957 முதல் இயங்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் பணியால் எதிர்ப்புத்திறன் உள்ள ரகங்கள் கிடைத்தன. குஃப்ரி சுவர்ணா 1985-இல் வெளியானது, பின்னர் குஃப்ரி நீலிமா போன்றவை வந்தன. இந்த ரகங்களின் வேர் முட்டையைப் பொரியவைக்கும், ஆனால் உள்ளே நுழைந்த புழுவுக்கு உணவு கொடுக்காது. இது மிகச் சிறந்த அறிவியல் சாதனை, இதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன். ஆயினும் எதிர்ப்புத்திறன் உள்ள ஒரே ரகத்தைத் திரும்பத் திரும்ப நட்டால் அதைத் தாண்டக்கூடிய புழுக்கள் மட்டும் பிழைத்துப் பெருகும். பிரிட்டனில் ஒரே மரபணுவை நம்பிய ரகங்களைப் பரவலாக நட்டதால் இந்த நூற்புழுவின் ஓர் இனமான பொன்னிறப் புழு குறைந்து, அதன் நெருங்கிய இனமான வெளிர் நிறப் புழு ஓங்கியது. நீலகிரியில் இரண்டு இனங்களும் உண்டு. ஆகவே முத்தோரை ஆய்வாளர்கள் தொடக்கத்திலிருந்து சொல்லிவரும் பரிந்துரை ஒன்றுதான்: எதிர்ப்பு ரகம் ஒரு பருவம், சாதாரண ரகம் ஒரு பருவம், இடையில் இரண்டு மூன்று ஆண்டுகள் கோஸ், கேரட், பூண்டு, முள்ளங்கி, பட்டாணி போன்ற வேறு பயிர்கள். 2018-இல் இமாச்சலப் பிரதேசம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் ஆகிய இடங்களிலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் விதைக்கிழங்கு வெளியே போகக் கூடாது என்று மத்திய அரசு தடை விதித்ததற்கு இதே புழுதான் காரணம். ஊட்டியில் முதலில் கண்ட சிக்கல் இமயமலையிலும் தென்பட்டு, நாட்டின் விதைக்கிழங்கு வழங்கலையே தொட்டுவிட்டது.

இப்படிப் பயிரை மாற்றிமாற்றி நடும் பயிர்ச்சுழற்சி ஏன் நடப்பதில்லை என்று கேட்க இதுவே உரிய இடம். விவசாயிக்குத் தெரியாததால் அன்று. கேத்தி பள்ளத்தாக்கிலோ முத்தோரை பாலாடாவிலோ யாரிடம் பேசினாலும் மண் களைத்துவிட்டது என்று அவரே முதலில் சொல்வார். ஆனால் பலர் குத்தகைக்கு நிலம் எடுத்து விவசாயம் செய்கிறார்கள். நிலம் தூங்கினாலும் குத்தகை தூங்காது. எந்தப் பயிருக்கு மண்டியில் விலை வருகிறதோ அதை நடவேண்டிய கட்டாயம் அவர்களுக்கு. கேரட்டுக்கு விலை உயர்ந்த ஒரு வருடத்தில் பள்ளத்தாக்கு முழுவதும் கேரட்டாகிவிடுகிறது. விடியுமுன் பறித்து, கழுவும் இயந்திரத்தில் ஏற்றி, மூட்டை கட்டி, மேட்டுப்பாளையத்துக்கும் கோயம்பேட்டுக்கும் லாரி ஏற்றினால்தான் அன்றைய விலை கிடைக்கும். அடுத்த வருடம் எல்லோரும் நட்டதால் விலை சரிகிறது, பறிக்கும் கூலிகூடத் தேறாமல் வயலிலேயே உழுதுவிடுகிறார்கள். கிழங்கிலிருந்து கேரட்டுக்கும் கோஸுக்கும் மாறியது ஒரு வகைச் சுழற்சிதான் என்று சிலர் வாதிடலாம். ஆனால் கோஸையே தொடர்ந்து நட்ட அமிலமண்ணில் வேர் தடித்துக் கட்டிகட்டியாக வீங்கும் வேர்வீக்க நோய் வந்து, அதன் வித்துகளும் பல ஆண்டுகள் மண்ணில் தங்கிவிடுகின்றன. ஒரு பயிரின் இடத்தில் இன்னொரு பயிரை அதே வேகத்தில் வைப்பதைச் சுழற்சி என்று நான் ஏற்கமாட்டேன். ஓய்வு என்று நான் சொல்வது நிலத்தைத் தரிசாகப் போடுவதை மட்டுமன்று. மண்ணுக்குத் திருப்பித் தரும் ஒரு பயிரை, லூபின் போன்ற பசுந்தாள் உரப்பயிரையோ பட்டாணியையோ சாமையையோ, விற்பனை வருமானம் குறைவு என்று தெரிந்தே ஒரு பருவம் நடுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நீலகிரியின் பங்கு கிழங்கோடு முடியவில்லை. இந்தியாவின் ரொட்டிக்கும் இந்த மலைக்கும் உள்ள உறவு பலருக்குத் தெரியாது. கோதுமையைத் தாக்கும் துருநோய்ப் பூசணங்கள் சமவெளியின் கோடை வெயிலில் பிழைப்பதில்லை. அப்படியானால் ஒவ்வொரு குளிர்காலத்திலும் அவை எங்கிருந்து வருகின்றன என்ற கேள்விக்கு ஆக்ராவைச் சேர்ந்த பேராசிரியர் கே.சி. மேத்தா பல ஆண்டுகள் உழைத்து விடை கண்டார். இமயமலையிலும், தெற்கே நீலகிரி, பழனி மலைகளிலும் கோடையிலும் பசுமையாக நிற்கும் கோதுமைச் செடிகளில் நோய் உயிர்பிழைத்து, காற்றோடு சமவெளிக்கு இறங்குகிறது என்பதே அவர் கண்டது. பிற்கால ஆய்வுகள் தண்டுத் துரு நோயின் வித்துகள் தென்மலைகளிலிருந்து மழைமேகங்களோடு மத்திய இந்தியாவுக்குப் போவதை விளக்கின. குன்னூருக்கு அருகே வெலிங்டனில் உள்ள இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் மண்டல நிலையம் இந்த உண்மையைத் தலைகீழாகப் பயன்படுத்துகிறது. தண்டுத் துரு, இலைத் துரு, மஞ்சள் துரு ஆகிய மூன்றும் இயற்கையாகவே இங்கு தாக்குவதால், புதிய கோதுமை ரகங்களை இங்கே நட்டால் எது தாங்கும், எது தாங்காது என்பது உடனே தெரிந்துவிடும். வடக்கில் கோதுமை நட முடியாத மாதங்களில் இங்கே ஒரு தலைமுறையை விளைவித்துக்கொள்ளவும் முடிகிறது. சமவெளியில் கோடிக்கணக்கானோர் உண்ணும் கோதுமையின் எதிர்ப்புத்திறன் இந்த மழையிலும் மூடுபனியிலும் சோதிக்கப்படுகிறது என்பதை இந்த மாவட்டத்து மாணவர்கள் பெருமையோடு அறிந்திருக்க வேண்டும்.

புழுவும் துருவும் ஒரே செய்தியைத்தான் சொல்கின்றன. ஓம்புயிர், அதாவது நோய் தங்கி வாழும் செடி, இடைவிடாமல் கிடைக்கும் இடத்தில் நோயும் இடைவிடாமல் இருக்கும். கோடையோ உறைபனியோ மாற்றுப்பயிரோ அந்தத் தொடர்ச்சியை அறுத்தால் நோய் தளரும். காலநிலை மாற்றத்தின் ஆபத்தை நான் இந்தக் கோணத்தில்தான் பார்க்கிறேன். இயற்கை தானாகக் கொடுத்துவந்த இடைவெளிகளை அது ஒவ்வொன்றாக அழிக்கிறது.

2024 ஏப்ரல் 28 அன்று ஊட்டியில் வெப்பம் 29 டிகிரியைத் தொட்டது, 1951-க்குப் பின் பதிவான உச்சம் அது. சுற்றுலாப் பயணிக்கு அது ஒரு செய்தி மட்டுமே, கிழங்குக்கோ உயிர்ப் பிரச்சினை. இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் செடி தன் மாவுச்சத்தை நிலத்தடிக்கு அனுப்பிக் கிழங்கு கட்டும். இரவு சூடேறினால் செடி சுவாசத்திலேயே அதைச் செலவழித்துவிடும், மேலே இலை செழித்து நிற்க, கீழே கிழங்கு சிறுத்துவிடும். குளிர் குறைந்தால் வைரஸைப் பரப்பும் அசுவினிப் பூச்சிகளின் காலம் நீளும். விதைக்கிழங்கு தரமாக இருக்க வேண்டுமானால் அசுவினி இல்லாத வாரங்கள் வேண்டும். ஈரம் தங்கும் நாட்கள் அதிகரித்தால் இலைக்கருகல் பெருகும், 1845-இல் அயர்லாந்தைப் பஞ்சத்தில் தள்ளிய அதே நோய் அது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 விழுக்காடு கூடுதல் நீராவியைச் சுமக்கும். அதனால் பெய்யும்போது மழை கொட்டித் தீர்க்கிறது. 2019 ஆகஸ்ட்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்ததையும், 2009 நவம்பர் நிலச்சரிவுகளில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததையும் இந்த மலை மறக்காது. ஒரு தனி மழைக்கு வெப்பமயமாதலே காரணம் என்று சொல்லிவிட முடியாது, ஆனால் அத்தகைய மழைக்கான வாய்ப்பு கூடுகிறது என்பதில் அறிவியலில் ஐயமில்லை. சரிவுக்குக் குறுக்கே பார் (கிழங்கு நடும் மண்மேடு) போடாமல் மேலிருந்து கீழாகப் பார் பிடித்த கிழங்கு வயலில் அப்படி ஒரு மழை இறங்கினால் பல தலைமுறைகளில் உருவான மேல்மண் சில மணி நேரத்தில் ஓடைக்குப் போய்விடும். சரிவு 16 முதல் 33 விழுக்காடு வரை இருந்தால் சரிவைப் படிப்படியாக வெட்டிச் சமன்செய்து படிமட்டம் அமைத்துப் பயிரிட வேண்டும், அதற்கு மேலான சரிவில் தேயிலை, பழமரம், புல் போன்ற நிரந்தரப் பயிர்தான் இருக்க வேண்டும் என்ற மண்வள விதி இனி வெறும் பரிந்துரையாக இருக்கக் கூடாது.

இனி இயற்கை வேளாண்மை பற்றிய நேரடிக் கேள்விக்கு வருகிறேன். காற்றிலுள்ள நைட்ரஜனை உரமாக்கும் தொழிற்சாலை முறை இல்லாவிட்டால் இன்றைய உலக மக்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு உணவு இருக்காது. இதை மறுத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. அதே உரத்தில் பாதிக்கும் குறைவானதையே பயிர் எடுத்துக்கொள்கிறது. மிச்சத்தில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடாகக் காற்றில் கலக்கிறது, கரியமில வாயுவைவிட அது 273 மடங்கு வெப்பத்தைப் பிடிக்கும் வாயு. இன்னொரு பகுதி ஊற்றுகளிலும் கிணறுகளிலும் இறங்குகிறது. எனவே உரத்தைக் குறைத்தாக வேண்டும், ஆனால் ஒரே நாளில் நிறுத்த முடியாது. 2021 ஏப்ரலில் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியைத் திடீரென்று தடை செய்தது. நெல் விளைச்சல் கடுமையாக வீழ்ந்தது, தேயிலையும் குறைந்தது, நவம்பரிலேயே தடையைப் பின்வாங்க நேர்ந்தது. மண்ணில் அங்ககச் சத்தைக் கூட்டி, பயறுவகைகளைச் சுழற்சியில் சேர்த்து, பல ஆண்டுகளில் படிப்படியாகச் செய்ய வேண்டியதை ஆணை ஒன்றால் செய்ய முனைந்ததன் விலையை அங்குள்ள ஏழை விவசாயிகள் கொடுத்தார்கள்.

நீலகிரியிலும் இதில் ஒரு சிக்கல் உண்டு, இதை இயற்கை வேளாண் நண்பர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். யூரியாவுக்குப் பதிலாக மலையில் கோழி எரு கொட்டுகிறோம். அந்த எரு சமவெளிப் பண்ணைகளிலிருந்து லாரியில் ஏறி வருகிறது. அந்தக் கோழிகள் தின்ற மக்காச்சோளம் யூரியாவில் விளைந்தது. அப்படியானால் நம் கேரட்டின் நைட்ரஜன் தொழிற்சாலையிலிருந்துதான் புறப்பட்டது, வழியில் ஒரு கோழியின் வயிற்றைக் கடந்து வந்திருக்கிறது. கோழி எரு கெட்டது என்பதன்று என் பொருள், மண்ணின் கரிமத்தைக் கூட்டுவதில் அது யூரியாவைவிட மேலானது. இரசாயனத்தை நிறுத்திவிட்டோம் என்று நம்புவதற்கு முன் சத்து எங்கிருந்து வருகிறது என்ற கணக்கைப் பார்க்க வேண்டும் என்கிறேன். அந்தக் கணக்கை உண்மையில் மாற்றக்கூடியவை வேரில் நைட்ரஜனைப் பிடிக்கும் பட்டாணி, லூபின் போன்ற பயிர்கள்தான். பீன்ஸ் அந்த வேலையைக் குறைவாகவே செய்யும். மீண்டும் நாம் சுழற்சிக்கே வந்து சேர்கிறோம்.

சிறுதானியத்தைப் பற்றியும் கேட்பீர்கள். 2023 உலகச் சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடப்பட்டபோது பேச்சு நிறைய நடந்தது. சாமையும் கேழ்வரகும் குறைந்த நீரிலும் குறைந்த உரத்திலும் விளையும், முட்டைக்கூடு நூற்புழுவுக்கு உணவாகாது, சரிவில் மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் ஏக்கருக்கு எடை குறைவு, இடித்து உமி நீக்கும் உழைப்பு அதிகம், காட்டுப்பன்றியும் பறவையும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். உலகம் முழுவதையும் அவற்றாலேயே ஊட்ட முடியாது. சுழற்சியில் வரும் ஒரு பருவப் பயிராக அவற்றுக்கு ஈடு இல்லை. இந்த வகையில் அந்த ஆண்டு மே மாதம் நீலகிரி, தருமபுரி மாவட்டங்களின் நியாயவிலைக் கடைகளில் விருப்பமுள்ள குடும்பங்களுக்கு இரண்டு கிலோ அரிசிக்குப் பதில் இரண்டு கிலோ கேழ்வரகு தரத் தொடங்கியதை நான் மிக முக்கியமான நடவடிக்கையாகக் கருதுகிறேன். நிச்சயமாக வாங்கிக்கொள்ளும் ஓர் இடம் இருந்தால்தான் விவசாயி கேரட்டை விட்டு ஒரு பருவம் கேழ்வரகு நடத் துணிவார். அந்தக் கேழ்வரகை இதே மலைச்சரிவுகளிலிருந்து கொள்முதல் செய்யும் ஏற்பாடும் சேர்ந்தால் பயன் இரட்டிப்பாகும்.

ஓய்வுப் பருவத்துக்குப் பணம் கொடுப்பது கனவுத் திட்டமன்று. அமெரிக்கா 1985 முதல் எளிதில் அரிக்கப்படும் நிலங்களைப் பத்துப் பதினைந்து ஆண்டுகள் சாகுபடியிலிருந்து விலக்கி வைக்கும் விவசாயிகளுக்கு ஆண்டு வாடகை கொடுத்துவருகிறது. ஹரியானா அரசு 2020-இல் நிலத்தடி நீரைக் காக்க நெல்லை விட்டு வேறு பயிருக்கு மாறுவோருக்கு ஏக்கருக்கு 7,000 ரூபாய் அறிவித்தது. தமிழ்நாட்டில் ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ திட்டத்தில் பசுந்தாள் விதை வழங்குகிறார்கள். நல்ல தொடக்கம்தான், ஆனால் விதையின் விலை விவசாயியின் கணக்கில் சிறிய தொகை. பசுந்தாள் நிற்கும் மாதங்களின் குத்தகையும் கைவிட்ட காய்கறி வருமானமும்தான் பெரிய தொகை, அதற்கு இதுவரை பதில் இல்லை.

சமவெளி மக்கள் இந்தச் செலவில் ஏன் பங்கேற்க வேண்டும் என்று கேட்பதும் நியாயமே. மோயாறும் பவானியும் இந்த மலைத்தொடரின் நீரைத்தான் பவானிசாகர் அணைக்குக் கொண்டுபோகின்றன. கீழ்பவானி வாய்க்காலில் மட்டும் ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2 லட்சம் ஏக்கருக்கு மேல் பாசனம் பெறுகிறது. சரிவில் மண் நின்றால் மழைநீர் ஊறி, கோடையிலும் ஓடை வழியாக மெல்ல இறங்கும். மண் ஓடினால் அது அணையின் அடியில் வண்டலாகப் படிந்து, நெல்லுக்கும் மஞ்சளுக்கும் தேக்கிவைக்க வேண்டிய நீரின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சோலைக்காடும் புல்வெளியும் இதே வேலையை விலையின்றிச் செய்கின்றன. ஆகவே விளைச்சலைக் கூட்டுகிறோம் என்று சொல்லி அவற்றில் ஓர் அடியைக்கூட உழக் கூடாது.

பணம் எங்கே இருக்கிறது என்றால், மத்திய அரசின் உர மானியம் 2022-23-இல் மட்டும் 2.5 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. மூட்டைக்குக் கொடுக்கும் மானியத்தில் ஒரு சிறு பங்கை, உரம் குறைவாகத் தேவைப்படும் மாற்றுப்பயிர்ப் பருவத்துக்கு ஏக்கர் கணக்கில், நில உரிமையாளருக்கு அன்றி வயலில் நிற்கும் குத்தகை விவசாயிக்கே நேரடியாகக் கொடுக்கலாம். உண்மையில் சுழற்சி நடந்ததா என்று சரிபார்க்கப் பெரிய கருவிகள் தேவையில்லை. பருவத் தொடக்கத்திலும் முடிவிலும் ஒரு கைப்பிடி மண்ணைக் காயவைத்து, தண்ணீரில் கரைத்து, மிதந்து வரும் முட்டைக்கூடுகளை எண்ணினால் போதும், முத்தோரை நிலையத்துக்கு அந்த வேலை பழகியது.